மரபும் ஹார்மோனும்: பரேல் ஆய்வகம் எழுப்பிய கேள்வி

மார்பகப் புற்றுநோயின் வரலாறு பெரும்பாலும் இரு தனி வரலாறுகளாகவே எழுதப்படுகிறது. ஒன்று மரபின் வரலாறு. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்த இந்நோயை 1866இல் பதிவுசெய்தார். மற்றொன்று ஹார்மோனின் வரலாறு. சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகக் கட்டி சுருங்கியதை ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன் 1896இல் அறிவித்தார். அதன் காரணம் விளங்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்னும் புரதம் உயிரணுக்களில் இருப்பதை 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில் எல்வுட் ஜென்சன் நிறுவினார்.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கிய ஆய்வகங்களுள் ஒன்று பம்பாயின் பரேலில் இருந்தது. வி. ஆர். கானோல்கரின் வழிகாட்டலில் 1949இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கமல் ரணதிவே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கேயிடம் திசு வளர்ப்பு முறையைப் பயின்று திரும்பினார். இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் அவர் சுண்டெலி இனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். மரபு, ஹார்மோன், கட்டியை உண்டாக்கும் வைரஸ் ஆகிய மூன்றும் அவருக்கு ஒரே கேள்வியின் கூறுகளாயின. மார்பகப் புற்றுநோய்க்கும் மரபுக்குமுள்ள உறவை முன்கூட்டியே உணர்ந்தோருள் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

மனிதரிடத்து அவ்வுறவின் மூலக்கூற்றுச் சான்று பின்னரே கிடைத்தது. 1990இல் மேரி கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமைச் சுட்டினார். 1994இல் பிஆர்சிஏ1 மரபணுவும் மறு ஆண்டில் பிஆர்சிஏ2 மரபணுவும் இனங்காணப்பட்டன. அதன்பின் கட்டிகளை ஒப்பிட்டபோது எதிர்பாராத வேறுபாடு தெரிந்தது. பிஆர்சிஏ1 பிறழ்வால் எழும் கட்டிகளுள் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை; புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் ஹெர்2 புரத மிகையும்கூடப் பெரும்பாலும் இல்லை. பிஆர்சிஏ2 கட்டிகளிலோ ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உண்டு. இதில் அவை மரபுவழி அல்லாத கட்டிகளையே ஒத்திருக்கின்றன.

ஆகவே ‘மரபுவழி’, ‘மரபுவழி அல்லாதது’ என்னும் இருமைப் பகுப்பு ஹார்மோன் ஏற்பியின் எல்லைக்கோட்டோடு பொருந்துவதில்லை. அக்கோடு ‘மரபுவழி’ என்னும் ஒற்றைச் சொல்லின் உள்ளேயே ஓடுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை ஏற்பியுள்ள கட்டிக்கே பயன்தரும். குடும்ப வரலாற்றை மட்டும் கொண்டு அதனை முடிவுசெய்ய இயலாது. மறுதலையாக, ஏற்பி இருப்பதாலேயே ‘இது மரபுவழி வந்ததன்று’ என ஒதுக்கினால், பிஆர்சிஏ2 பிறழ்வுள்ள ஒரு பெண்ணின் சகோதரியரும் மகளிரும் எச்சரிக்கை பெறாது போகக்கூடும். மரபையும் ஹார்மோனையும் தனித்தனியே கேட்கலாகாது என்னும் பரேல் ஆய்வகத்தின் அணுகுமுறைக்கு இன்றும் பொருள் இருப்பது இதனால்தான்.