ஹான் காலச் சீனத்து மரக்கிண்ணங்களும் அவற்றின் மெருகும்

மரத்தாற் செய்த கலம் குடிப்பதற்கு உரியதாவது அதன்மேற் பூசப்படும் மெருகினாலாகும். பூச்சற்ற மரம் பானத்தை உறிஞ்சும், நாளடைவில் வெடிக்கும். ஹான் காலக் கிண்ணங்களைப் பற்றி எழுதுவோர் பலர் அவற்றின் ஓவியத்தை வியந்து, பூச்சினை அதற்கொரு பின்னணியாகவே கொள்கின்றனர். இந்நோக்கு மீளாய்வுக்குரியது.

முதற்கண் ஒரு சொன்மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மாத்தளைக் கைவினைஞர் கையாளும் அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. அது வெப்பத்தில் இளகும், அற்ககோலிற் கரையும், ஆதலின் குடிகலத்துக்கு ஒவ்வாது. சீனர் பூசியதோ ஒரு மரத்தின் பால். ஐரோப்பியர் இரண்டையும் ஒரே பெயரால் வழங்கியமையே மயக்கத்துக்குக் காரணமாயிற்று.

அம்மரம் மாவும் மரமுந்திரிகையும் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. மாம்பால் பட்டுத் தோல் பொங்குதலை நாமறிவோம். இம்மரத்துப் பால் அதனினுங் கொடியது. அதிலுள்ள உறுசியோல் தோலிற் கொப்புளங்களை எழுப்பும். இத்தகைய பொருளையா உதடு படும் கலத்திற் பூசினர் என ஐயுறலாம். விடை அஃது இறுகும் முறையிலுள்ளது. வியப்புக்குரியது யாதெனில், இப்பூச்சு ஈரக்காற்றிலேயே நன்கு இறுகுகின்றது. பாலிலுள்ள நொதியம் ஒட்சிசனின் துணைகொண்டு உறுசியோலைப் பல்பகுதியமாக மாற்றுகின்றது. இதற்கு 70 முதல் 80 சதவீத ஈரப்பதனும் மிதமான வெப்பமும் வேண்டும். முற்றாக இறுகியபின் நீரோ மதுவோ புளிப்போ அதனைக் கரைப்பதில்லை. அரைகுறையாக இறுகிய பூச்சு உதட்டைப் புண்ணாக்கவுங் கூடும்.

சாங்சா நகரருகே மவாங்துயியில் 1972இல் அகழப்பட்ட கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறையில், மதுவருந்த அழைக்கும் எழுத்துகள் பொறித்த காதுடைக் கிண்ணங்கள் கிடைத்தன. கி.மு. 81இல் நிகழ்ந்த உப்பு, இரும்பு பற்றிய அரசவை விவாதத்தின் பதிவு, ஓர் ஓவியக் கிண்ணம் பத்து வெண்கலக் கிண்ணங்களுக்கு ஈடாகும் என்கின்றது. இது ஆடம்பரத்தைக் கண்டிப்போர் கூற்றாதலின் அவ்விலையை அப்படியே ஏற்றல் வேண்டியதில்லை.

இவற்றினுஞ் சிறந்த சான்று கொரியாவிற் கிடைத்தது. பியொங்யாங் அருகே லெலாங் கல்லறைகளில் அகழப்பட்ட கிண்ணங்கள் சில, சிச்சுவானிலிருந்த சூ அரச பட்டறையிற் செய்யப்பட்டவை, கி.பி. 4ஆம் ஆண்டைக் குறிப்பனவும் அவற்றுள் உள. அவற்றில் நுண்ணெழுத்தால் தொழிலாளர் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. மேற்பார்த்த அதிகாரிகளின் பெயர்கள் அவற்றைத் தொடர்கின்றன. குறையிறுக்கத்தை வாங்குவோன் கண்ணாற் கண்டறிதல் அரிது. அதற்குப் பொறுப்பாளி யார் என்பதனை அரசு எழுதிவைத்தது எனக் கொள்ளலாம். அவ்வரிசையில் மரங்கடைந்தோனுக்கு அடுத்துப் பூச்சுத் தொழிலாளர் இருவர் தனித்தனியே குறிக்கப்படுகின்றனர். காதுகளுக்கு முலாமிட்டவனுக்கும் பின்னரே ஓவியன் பெயர் வருகின்றது.