கொள்ளிடத்து வெள்ளம்: யார் பெயரில் கணக்கு?

2015 டிசம்பரை நம் குடியிருப்பில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் கார்கள் மூழ்கின, மோட்டார் அறை மூழ்கியது, நான்கு நாள் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி. அதையே நாம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொள்ளிடக் கரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வெளியேறியது வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல். அதில் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொண்டுபோனது கொள்ளிடம்தான். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். கோடையில் நம் வாசலுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 470 லாரித் தண்ணீர்.

வங்கியில் கிளார்க்காக இருந்தபோது சில வருடங்கள் கொள்ளிடக் கரையோரம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். 2005 வெள்ளத்தின்போது அங்கேதான் இருந்தேன். வெள்ளம் வந்த நாட்களை விட, வடிந்த பிறகு கவுன்டரில் பார்த்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு வாட்டம் அதிகம். கடலுக்குப் போகும் தூரமும் குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் மேலும் மேலும் கொள்ளிடத்தின் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. காவிரி மணல் மேடிட்டது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. இதைச் சரிசெய்ய 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். அதன்பிறகு ஏற்பாடு தெளிவானது: பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். தஞ்சாவூர் டெல்டா பிழைக்க வேண்டுமென்றால் மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடம் சுமக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்த பெரிய சோதனை 1924 ஜூலை. அந்த வருடம் பிப்ரவரியில்தான் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பேய் மழை. கேரளத்தில் அதைக் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அதே மழை குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் கொட்டி, காவிரி, கபினி, பவானி வழியாக இந்தப் பக்கம் இறங்கியது. காவிரியில் வினாடிக்குச் சுமார் நாலரை லட்சம் கன அடி. நம் கணக்கில் ஒவ்வொரு வினாடியும் ஆயிரம் லாரிக்கு மேல். திருச்சி, தஞ்சை மாவட்டங்களில் கரைகள் உடைந்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போகிறவர்களை, அந்த வருடம் ஆறே தேடி வந்துவிட்டது.

அடுத்த வருடம், 1925-இல், மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை வந்தால் வெள்ளம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். வினாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தால் ஒரு நாளைக்கு 17 டி.எம்.சி.; காலியான மேட்டூரே ஐந்தரை நாளில் நிரம்பிவிடும். ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வருவதை அப்படியே பதினாறு கண் மதகு வழியாக விட வேண்டியதுதான். 2018-இல் நடந்தது அதுதான். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அதே மாதத்தில், டெல்டாவின் கடைமடையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளம் முதலில் ஏறுவது படுகையில். ஆற்றுக்கும் வெள்ளக் கரைக்கும் நடுவில் இருக்கும் நிலத்தைப் படுகை என்பார்கள். வண்டல் படிந்த மண் என்பதால் வாழை, வெற்றிலை, கரும்பு, பூ எல்லாம் நன்றாக வரும். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே சீர்காழிப் பக்கம் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் என்று ஊர்கள் இருக்கின்றன. பெயரிலேயே படுகை, திட்டு, மணல். 2 லட்சம் கன அடி வந்தால் இந்த ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு கரையேறி முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளத்தில் பயிர் எப்படிச் சாகிறது என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே என்று நினைத்திருந்தேன். தலை முழுக மூழ்கினால் பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரம் தாங்குவதே கடினம். இரண்டு வாரம் வரை தாங்கும் ‘சி.ஆர். 1009 சப்-1’ போன்ற ரகங்கள் பின்னால்தான் வந்தன. வாழை ஏமாற்றும். தண்ணீர் வடிந்ததும் மரம் நிற்கும், வேர் அழுகியிருக்கும். இலை மஞ்சளாகி, குலை தள்ளும் நேரத்தில் சாய்ந்துவிடும். வெற்றிலைக் கொடிக்கால் போனால் அகத்தி நட்டு, கொடி ஏற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயலில் வண்டல் படிந்தால் லாபம், மணல் படிந்தால் நஷ்டம். மணலை வாரிப் போட ஆகும் கூலியை எந்தப் படிவத்திலும் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மண்சுவர் தண்ணீர் நிற்கும்போது விழாது, வடிந்து வெயில் அடித்ததும் விழும். குதிரில் வைத்திருந்த விதைநெல் முளைத்துப் போகும். வைக்கோல் போர் அழுகினால் மாட்டுக்குத் தீனி இல்லை. நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற கூலிக்காரர்களுக்கு ஒரு பருவம் முழுக்க வேலை இல்லை. அவர்களுக்கு வயலே கிடையாது என்பதால் பயிர்ச் சேதப் பட்டியலில் பெயரும் கிடையாது.

இனி கவுன்டர் கதை. வெள்ளத்தில் விளைச்சல் பாதிக்குக் கீழே போய்விட்டது என்று வருவாய்த் துறை அணாவாரிச் சான்று கொடுத்தால், வங்கியில் பயிர்க்கடனை உடனே கட்டச் சொல்ல மாட்டோம். அதைச் சில வருடங்களில் கட்டும் மத்திய காலக் கடனாக மாற்றி, அடுத்த பயிருக்குப் புதுக் கடனும் கொடுப்போம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது யார் பெயரில் பயிர்க்கடன் இருக்கிறதோ அவருக்குத்தான்.

2005 வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்து ஒரு அம்மா வந்தார். பாஸ்புக் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. படுகையில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தார்.

“சார், எல்லாருக்கும் கடனை மாத்திக் குடுக்கிறாங்களாமே, எனக்கும் மாத்திக் குடுங்க.”

லெட்ஜரைப் பார்த்தேன். அவர் பெயரில் பயிர்க்கடன் இல்லை. அடங்கலில் பெயர் இல்லாததால் விவசாய நகைக்கடன்கூட இல்லை. இருந்தது அதிக வட்டியில் சாதாரண நகைக்கடன், மூன்றரைப் பவுன் சங்கிலி. அந்த நிலத்தைக் காட்டிப் பயிர்க்கடன் வாங்கியிருந்தவர் நிலத்துக்காரர், டவுனில் குடியிருந்தார். அவர் கடன் மாற்றி அமைக்கப்பட்டது. இந்த அம்மாவுக்குத் தவணை முடிந்ததும் ஏல நோட்டீஸ் போனது. அந்த நோட்டீஸில் விலாசம் எழுதியது நான்தான். கடைசி நாளில் கறவை மாட்டை விற்றுப் பணத்தோடு வந்து சங்கிலியை மீட்டுப் போனார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. “மாடு போச்சு சார், சங்கிலி இருக்கு” என்றார். அதையும் அன்றைக்கே வேறெங்கோ அடகு வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உரம் போட்டவனுக்கும் கடைக்காரனுக்கும் பாக்கி இருந்தது.

விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதுதான் எனக்கு உறுத்தல். ஓய்வு பெற்ற பிறகு பழைய சட்டங்களைப் படித்தபோது, இது 2005-இல் தொடங்கியதல்ல என்று புரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளம், வறட்சி வந்தால் இரண்டு நிவாரணம். ஒன்று நிலவரி வஜா. மற்றொன்று 1883, 1884-ஆம் வருடச் சட்டங்களின்படி சர்க்கார் கொடுக்கும் தக்காவிக் கடன். வரி கட்டுபவர் பட்டாதார். ஆகவே வஜா கிடைப்பதும் பட்டாதாருக்கு. கடனுக்கு ஜாமீனாகக் காட்ட நிலம் உள்ளவருக்குத்தான் தக்காவியும் எளிது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர் நிலத்துக்காரர் மனசு வைத்தால் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு இதை மாற்றச் சட்டங்கள் வந்தன. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம். பதிந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் வாய்வார்த்தைக் குத்தகை நிற்கவில்லை. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று நிலத்துக்காரருக்குப் பயம். பதியச் சொன்னால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காதோ என்று உழுகிறவருக்குப் பயம். 2015-இல் மத்திய அரசு நிவாரணத்துக்கான சேத அளவை 50 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைத்தது நல்ல முடிவுதான். பட்டியலில் பெயர் இருப்பவருக்கு நல்லது.

இதை நம் காலாண்டிதழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் வீராணத்துக்கும் பங்கு உண்டு. வீராணத்துக்குத் தண்ணீர் வருவது கீழணையிலிருந்து வடவாறு வழியாக, அதாவது கொள்ளிடத்திலிருந்து. 2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக்குக் குழாயில் வருகிறது. வெள்ளத்தை அவர்கள் தாங்குகிறார்கள், தண்ணீரை நாம் குடிக்கிறோம்.

வெள்ளம் என்றால் நம் சங்கத்திலும் உடனே பெட்டி வைத்துப் பழைய துணி சேகரிக்கிறோம். முகாமில் முதல் வாரத்தில் துணி குவிந்து கிடக்கும். மூன்றாவது மாதத்தில்தான் மாட்டுத் தீனிக்கும் வாழைக்கட்டைக்கும் விதைநெல்லுக்கும் வட்டிக்கும் பணம் தேவைப்படும். ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இரண்டு. அடுத்த முறை சேரும் பணத்தில் பாதியை மூன்று மாதம் கழித்துக் கொடுப்போம். கொடுக்கும்போது அந்த ஊராரிடம் பட்டாதார் பட்டியலை வாங்காமல், அந்தப் பருவத்தில் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். பட்டியல் எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் பெயரை எழுதிப் பழகிய கைதான்.