பின்னொளியின் காலம்

வரலாறு எழுதுகிறவர்களுக்குத் தேதி ஒரு வசதி. 2017 ஆகஸ்ட் 17 அப்படியொரு தேதி. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில், என்ஜிசி 4993 என்னும் கேலக்ஸியில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி இணைந்ததன் ஈர்ப்பலையை அன்று லைகோ, விர்கோ கருவிகள் பதிவு செய்தன. 1.7 நொடி கழித்து ஃபெர்மி விண்கலம் காமாக் கதிர் வெடிப்பொன்றைக் கண்டது. ஏறத்தாழ 11 மணி நேரத்தில் சிலி நாட்டிலிருந்த ஸ்வோப் தொலைநோக்கிக்கு ஒளி அகப்பட்டது. தங்கம் பிறக்கும் இடம் தெரிந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. கதை முடிந்துபோச்சு என்றுதான் தோன்றும்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? மோதலில் வீசியெறியப்பட்ட பொருள் சுற்றியுள்ள வாயுவில் போய் இடிக்கும்போது எழுவது பின்னொளி. சந்திரா எக்ஸ்கதிர் விண்கலம் 2ஆம் நாள் பார்த்தபோது ஒன்றுமில்லை. 9ஆம் நாள்தான் தெரிந்தது. ரேடியோவில் 16ஆம் நாள். வழக்கமாக இது நாளுக்கு நாள் மங்கும். இங்கோ ஏறிக்கொண்டே போனது. செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை அந்தத் திசைக்கு அருகே சூரியன் நின்றதால் எக்ஸ்கதிர் விண்கலங்களால் பார்க்க முடியவில்லை. புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி உள்ளிட்ட ரேடியோ தொலைநோக்கிகள்தான் கணக்கு வைத்திருந்தன. சுமார் 150 நாள்வரை ஏறி, பிறகு சரிந்தது.

ஏன் என்பதில் இரண்டு வாசிப்புகள். மோதலில் பிறந்த தாரை சுற்றியிருந்த பொருளுக்குள்ளேயே மூச்சடைத்து ஒரு கூடாக விரிந்தது என்பது ஒன்று. தாரை தப்பித்தது, ஆனால் நம்மை நோக்கி வரவில்லை என்பது மற்றொன்று. 2017 இறுதியில் வெளியான ரேடியோ ஆய்வு முதலாவதன் பக்கம் சாய்ந்தது. பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள தொலைநோக்கிகளை இணைத்து 75ஆம் நாளும் 230ஆம் நாளும் அளந்தபோது ஒளிப்புள்ளி இடம் நகர்ந்திருந்தது. ஒளியைப்போல நான்கு மடங்கு வேகம் என்று தோன்றுமளவுக்கு. ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் நம் பக்கம் சாய்ந்து வரும் பொருள் உண்டாக்கும் தோற்றம் அது. ஆக, தாரை தப்பித்திருந்தது. அதன் அச்சிலிருந்து சுமார் 20 பாகை விலகி நாம் நின்றோம். வேகம் குறையக் குறைய விரிந்த ஒளி, ஓரத்தில் நின்ற நமக்கும் வந்து சேர்ந்தது. கூட்டின் பக்கம் சாய்ந்தவர்களே 2018இல் இதை நிறுவினார்கள்.

நிகழ்வை அதன் தேதிக்குள் அடைத்துவிடும் வரலாற்றெழுத்து இங்கே உடைபடுகிறது. முதல் நாளின் ஆரவாரம் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சொன்னார்கள். நாம் நின்ற இடம் எது என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

சந்திரா மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் புள்ளியைப் பார்த்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய விண்கலம் அது. 2024இல் அமெரிக்க அரசின் நிதிநிலை முன்மொழிவு அதன் ஆண்டுத் தொகையைச் சுமார் 6.8 கோடி டாலரிலிருந்து 4.1 கோடியாகக் குறைக்கச் சொன்னது, வானியலாளர்கள் எதிர்த்தார்கள். மோதலைப் பார்க்கக் கூட்டம் தானாகச் சேரும். மங்குவதைப் பார்க்க ஆளும் வேண்டும், காசும் வேண்டும். எதை எத்தனை காலம் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிற கை எவருடையது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது அறிவியலின் வரலாறு.