குறிஞ்சிக்கு ஆண்டுக் கணக்கு, கல்பாசிக்கு எடைக் கணக்கு

நீலக்குறிஞ்சியின் வரலாற்றை ஆண்டு போட்டே எழுதலாம். 1838-இல் தொடங்கும் பதிவுகளோடு பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டி வந்தால் 2006, 2018 எனப் பிசகாமல் வந்து நிற்கும். கூட்டமாகப் பூத்து, விதையிட்டு, செடி மடிந்துவிடும். ஆனைமலைப் பக்கத்து முதுவர் பழங்குடியினர் குறிஞ்சி பூத்த தடவையை வைத்தே வயதைக் கணக்கிட்டார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களில் இதற்கும் இடம் உண்டு.

அதே மலைகளின் காடுகளில் மரப்பட்டையையும் பாறையையும் பற்றி வளரும் கல்பாசிக்கு இந்தப் பெருமை எதுவும் வாய்க்கவில்லை. கோவை ரங்கே கவுடர் வீதி மளிகைக் கடைகளில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு. விரலில் பிடித்தால் சருகாய் நொறுங்கும். காய்ந்த எண்ணெயில் போட்ட பிறகுதான் மணம் எழும். பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று அண்டி வாழும் லைக்கன் என்ற உயிர் இது.

தாவர ஆராய்ச்சியில் கோவை பழைய ஊர். காஸ் வன அருங்காட்சியகம் 1902-இல் திறக்கப்பட்டது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் 1955-இல் வந்தது. கோவை மாவட்டத்து ஆனைமலையின் தாவரங்களைப் பற்றி 1921-இல் தனி நூலே எழுதிய சி. இ. சி. ஃபிஷர்தான், கேம்பிள் தொடங்கி வைத்த சென்னை மாகாணத் தாவர நூலையும் முடித்துக் கொடுத்தார். அந்தப் பெருநூல் பூக்கும் தாவரங்களோடு நின்றுவிட்டது. லைக்கன்களுக்கான முறையான பட்டியலை லக்னோவின் டி. டி. அவஸ்தி 1965-இல்தான் வெளியிட்டார்.

குறிஞ்சிக்கும் இழப்பு பெரியது. அது படர்ந்திருந்த புல்வெளிகளைத் தேயிலையும் யூகலிப்டஸும் விழுங்கின. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த இழப்பு என்பதால் குரல் எழுந்தது. கேரளம் 2006-இல் மூணாறு அருகே குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது.

கல்பாசிக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. எங்கும் கிடைக்கிறதே என்ற நினைப்புதான் அதற்கு ஆபத்து. இவ்வகை லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. காற்றில் கந்தக டை ஆக்சைடு கூடினால் கருகிப்போகின்றன. பட்டையோடு உரித்தெடுத்த இடம் மீண்டும் நிறையப் பல ஆண்டுகள் பிடிக்கும். மூட்டையில் வருவதும் ஒரே இனமல்ல; பல இனங்கள் கலந்தே வருகின்றன. அவற்றைப் பிரித்தறியப் பல வேளைகளில் வேதிச் சோதனையே தேவைப்படுகிறது. சந்தையிலோ எல்லாம் ஒரே பெயரில், கிலோ கணக்கில் விலை போகின்றன.