வரத்தோடு வரம் சேர்ந்தால்

விக்கிரமாதித்த மகாராஜா எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்று எரியோட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும், கூசாமல் இரண்டாயிரம் என்பார். இந்திரன் கொடுத்த வரமோ ஆயிரம் வருஷத்துக்குத்தான். மீதி ஆயிரம் எங்கிருந்து வந்தது? அதைச் சம்பாதித்துக் கொடுத்தவன் மந்திரி பட்டி.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ரம்பை, ஊர்வசி இருவரின் நடனத்தில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னதற்காக, முப்பத்திரண்டு பதுமைகள் தாங்கிய சிம்மாசனத்தையும், அதில் வீற்றிருந்து ஆயிரம் வருஷம் அரசாளும் வரத்தையும் விக்கிரமாதித்தன் பெற்று வந்தான். அண்ணனுக்கு ஆயிரம் கிடைத்ததே என்று பட்டி பொறாமைப்படவில்லை. நேரே காளி கோயிலுக்குப் போய், தனக்கு இரண்டாயிரம் வருஷ ஆயுள் வேண்டும் என்றான். "உன் அரசன் தலையைக் கொண்டு வா" என்றாள் காளி. பட்டி போனான், தலையைக் கொண்டு வந்தான், வரத்தையும் வாங்கினான். வாங்கிக் கொண்டு சிரித்தான். "தேவேந்திரன் கொடுத்த ஆயிரம் வருஷம் ஒரு வெட்டில் போயிற்றே, தாயே! உன்னுடைய இரண்டாயிரம் மட்டும் எப்படி நிற்கும்?" காளிக்கு வேறு வழி இல்லை. அரசனை எழுப்பிக் கொடுத்தாள்.

இதோடு நின்றிருந்தால் பட்டி வெறும் வாய்ச்சாலகன். அடுத்தபடி அவன் போட்ட கணக்குத்தான் பிரமாதம். வரம் என்ன சொல்கிறது? சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் வருஷம். அமராத நாளைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. ஆகவே ஆறு மாதம் நாட்டில் இரு, ஆறு மாதம் காட்டில் திரி, வருஷத்துக்கு ஆறு மாதம்தான் வரத்தில் கழியும், ஆயிரம் இரண்டாயிரமாகும். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று நாம் போகிற போக்கில் சொல்லும் பழமொழிக்குப் பின்னால் ஒரு தேர்ந்த வக்கீலின் மூளை வேலை செய்திருக்கிறது.

ஒரு வரம், அதன் வாசகத்தில் ஓர் ஓட்டை, பக்கத்தில் இன்னொரு வரம். இவற்றைச் சேர்த்துப் பார்த்து, கொடுத்தவனே நினைத்துப் பார்க்காத மூன்றாவது ஒன்றை உண்டாக்குவது உலகத்திலுள்ள பழைய ஆனந்தங்களில் ஒன்று. இதையே முழுநேர வேலையாக வைத்துக் கொண்டிருக்கிறார்கள் அமெரிக்காவில் பிறந்த ஒரு விளையாட்டை ஆடுகிறவர்கள்.

1974-ஆம் வருஷம், விஸ்கான்சின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக அந்த விளையாட்டு வெளிவந்தது. பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரண்டு ஆசாமிகள் எழுதியது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி, நடுவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. "குகைக்குள் இருட்டு. ஏதோ மூச்சு விடும் சத்தம். என்ன செய்கிறீர்கள்?" என்பார் நடுவர். ஒவ்வொருவரும் தாம் செய்வதைச் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை உருட்டுகாய் தீர்மானிக்கும். நம் தாயக்கட்டைக்கு நீளப் பக்கம் நாலு. அவர்களிடம் நாலு முகம் முதல் இருபது முகம் வரை காய்கள் உண்டு.

அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் மந்திரம் என்பது பரீட்சைக்குப் போகும் பையனின் பாடம் மாதிரி இருந்தது. காலையில் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது; ஒருமுறை சொன்னால் மறந்து போகும். ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியர் 1950-இல் வெளியிட்ட 'த டையிங் எர்த்' என்ற புத்தகத்திலிருந்து எடுத்துக் கொண்ட யோசனை இது. கையில் இரண்டு மந்திரம், மூட்டையில் மூன்று மாயச் சாமான், எதிரே பூதம் என்றால், மனிதன் கூட்டிப் பார்க்கத்தானே செய்வான்?

அவர்கள் கூட்டிப் பார்த்த விதம் ரசமானது. ஒரு வட்டத்துக்குள் சத்தமே எழாமல் செய்யும் மந்திரம் ஒன்று உண்டு. பூனைபோல் பதுங்கிப் போவதற்குத்தான் அது. யாரோ ஒருவனுக்கு யோசனை தோன்றியது: எதிரி மந்திரவாதி வாயைத் திறந்து உச்சரித்தால்தானே அவன் மந்திரம் பலிக்கும்? ஒரு கூழாங்கல்லின்மேல் மௌன மந்திரத்தை ஏவி, அந்தக் கல்லை அவன் காலடியில் எறிந்தால் போதுமே! வெளிச்சம் தரும் மந்திரத்தைச் சுவரில் ஏவுவதற்குப் பதிலாக எதிரியின் கண்மேல் ஏவினார்கள், விளக்கு ஆயுதமாகிவிட்டது.

நடுவர்களும் சும்மா இருக்கவில்லை. வெளியே தெரியும் அளவைவிட எவ்வளவோ அதிகமாகச் சாமான் கொள்ளும் ஒரு பை. துணிபோல் மடித்து எடுத்துப் போகும் ஒரு குழி. இரண்டையும் வைத்திருப்பவன் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டால் என்ன? 1979-இல் கைகாக்ஸ் எழுதிய நடுவர் கையேடு பதில் சொல்லுகிறது. பையைக் குழிக்குள் போட்டால், இரண்டும் வெளி கிழிந்து காணாமல் போகும். குழியைப் பைக்குள் போட்டாலோ, பத்தடிக்குள் இருக்கும் ஆட்களையும் சேர்த்து வேறு லோகம் வாரிக்கொண்டு போகும். இரண்டு மாய மருந்துகளைக் கலந்து குடிப்பவனுக்கும் அதே கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. நூறுவரை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் வயிற்றிலேயே வெடிக்கும். நூறு விழுந்தால் ஒரு மருந்தின் குணம் ஆயுசுக்கும் நிற்கும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், சக்தி வாய்ந்த சாமான்களில் ஒருவன் மூன்றுக்கு மேல் தன்னோடு இணைத்துக்கொள்ளக் கூடாது என்றே சட்டம் போட்டுவிட்டார்கள். திண்டுக்கல் பூட்டுக்காரர் சாதுர்யமாய்ப் பூட்டுச் செய்யச் செய்ய, பூட்டைத் திறப்பவனும் சாதுர்யசாலி ஆகிறான் அல்லவா? அதே கதைதான். இரணியனின் வரமே நம் நாட்டில் செய்த முதல் தரமான பூட்டு. பகலில்லை, இரவில்லை, உள்ளில்லை, வெளியில்லை என்று எத்தனை நெம்புகோல்! அந்தி நேரமும் வாசற்படியும் அதற்குச் சாவியாயின.

நம்மிடம் இந்தச் சரக்கு எவ்வளவு பழசு என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லுகிறேன். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ராணி சூரியமதியின் பொழுதுபோக்குக்காகச் சோமதேவர் கதாசரித்சாகரத்தை எழுதினார். அதற்கு மூலமான குணாட்டியரின் பிருகத்கதை அழிந்து போயிற்று. அதே மூலத்தின் வழியில் கொங்குவேளிர் தமிழில் செய்த பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தபோது தலையும் இல்லை, வாலும் இல்லை. சோமதேவரின் கதையில் புத்திரகன் என்றொருவன் காட்டில் போகிறான். மயாசுரனின் பிள்ளைகள் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். சொத்து மூன்றே சாமான்: நினைத்த உணவு தரும் பாத்திரம், எழுதியது மெய்யாகும் கோல், ஆகாயத்தில் பறக்கும் பாதரட்சை. "ஓடுங்கள், முந்தி வருபவனுக்கு எல்லாம்" என்கிறான் புத்திரகன். அவர்கள் ஓடுகிறார்கள்; இவன் பாதரட்சையை மாட்டிக்கொண்டு மற்ற இரண்டோடும் பறந்து விடுகிறான். பிறகு பாதரட்சையின் உதவியால் பாடலி என்ற ராஜகுமாரியின் மாளிகைக்குள் நுழைந்து, அவளைத் தூக்கி வந்து, கங்கைக் கரையில் கோலால் ஒரு நகரம் வரைகிறான். அது பாடலிபுத்திரமாகி விட்டதாம்.

சேர்மானம் அருமையானது, ஒன்று தூக்கிச் செல்கிறது, ஒன்று ஊட்டுகிறது, ஒன்று ஊரையே கட்டுகிறது. ஆனால் எனக்கு அந்த அசுரப் பிள்ளைகளின் ஞாபகம்தான் வருகிறது. மூச்சிரைக்க ஓடித் திரும்பி வந்து வெறும் தரையைப் பார்த்திருப்பார்களே! ஒரு பேரரசின் தலைநகரம் திருட்டுச் சாமானில் எழும்பியதாகக் கதை சொல்லுகிறவனுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. சரித்திரத்துக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

எரியோடு மழையை நம்பிய மேட்டு நிலம். கரூர் ரயில் இப்போது அந்த வழியாகப் போகிறது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்கள் முளைத்துவிட்டன. எங்கள் அப்பத்தா காலத்தில் இவை ஒன்றும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி, 1876 முதல் 1878 வரை சனங்கள் பட்ட பாட்டைப் பற்றி, அவள் தன் பாட்டியிடம் கேட்டிருந்தாள். திண்ணையில் அவள் கதை சொல்லும்போது ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். கதையில் மந்திர வாள் வந்தால் பிள்ளைகள் "ஊம்" கொட்டுவோம். மந்திரப் பாத்திரம் வந்தால், கேட்டுக் கொண்டிருக்கும் பெரிய மனுஷிகள் குறுக்கிடுவார்கள். "சோறு மட்டுந்தான் வருமா, குழம்பும் வருமா?" "மாட்டுக்குத் தவிடு கேட்டா குடுக்குமா ஆத்தா?" அப்பத்தா கோபிக்க மாட்டாள். வெற்றிலையை ஒதுக்கிக் கொண்டு ஒரு கணம் யோசிப்பாள். பிறகு தீர்ப்புச் சொல்வாள்: "குடுக்கும். ஆனா கேக்குறவ பசிச்சிருக்கணும்." மறுநாள் கதை அந்தத் தீர்ப்பை மீறாது.

அமெரிக்க நடுவர் செய்வதும் இதுதான். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை அச்சில் வந்தது. 1886-இல் நடேச சாஸ்திரியார் மதனகாமராஜன் கதையை இங்கிலீஷில் போட்டார். 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்து, வேதாளம் வீடு வீடாக ஏறி இறங்கியது. எல்லாம் நல்ல காரியம்தான். இருந்தாலும் அச்சடித்த வேதாளம் தான் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் கேட்டால் சொல்லாது. நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம். என் கதாநாயகன் ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதிக் கேட்கும்போது புத்தகம் பைண்டாகிக் கடைக்குப் போயிருக்கிறது.

பாத்திரத்தைப் பற்றிய அந்தப் பெரிய மனுஷிகளின் கவலை அற்பமானதல்ல. தமிழில் மந்திரச் சாமானையும் மந்திரத்தையும் மிக நுட்பமாகச் சேர்த்துக் காட்டிய காவியமும் சோற்றைப் பற்றியதுதான். மணிமேகலையைச் சொல்கிறேன். 1898-இல் சாமிநாதையர் பதிப்பித்த பின் படித்தவர்கள் அதன் தத்துவத்தைப் பற்றி ஏராளமாய் எழுதிவிட்டார்கள். சாத்தனார் போட்டிருக்கும் முடிச்சைத்தான் நான் பார்க்கச் சொல்லுகிறேன்.

அமுதசுரபி முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது. மதுரையில் சிந்தாதேவி கொடுத்தாள். அள்ள அள்ளக் குறையாது. இந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. பாத்திரத்தைப் பிடுங்கினானா? இல்லை. பாண்டி நாட்டில் மழையைக் கொட்டினான். வயல் விளைந்தது, பசித்தவன் இல்லை, பாத்திரம் வேலையற்றுப் போயிற்று. தேவர்கள் செய்த சூழ்ச்சிகளில் இவ்வளவு நாகரிகமான சூழ்ச்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான் ஆபுத்திரன். காற்று மாறி மணிபல்லவத்தில் கப்பல் நின்றது. இறங்கினான். இரவில், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவு. உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம் கையில். உண்ண ஒருவர் இல்லை. தான் மட்டும் உண்டு பிழைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வருஷத்தில் ஒரு நாள் மேலே தோன்று என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் விட்டான்.

பின்னால் அதே தீவுக்கு மணிமேகலையைக் கொண்டுவருகிறார் சாத்தனார். பாத்திரம் கிடைப்பதற்கு முன்பே தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை உபதேசிக்கிறது. வேற்றுருக் கொள்ள ஒன்று. வானில் செல்ல ஒன்று. பசி வராமலிருக்க ஒன்று. முறையை உற்றுப் பாருங்கள். ஆபுத்திரன் எதனால் செத்தான்? கப்பல் போய்விட்டதால், உண்ண மனமில்லாததால். இவளுக்குக் கப்பல் வேண்டாம், சோறும் வேண்டாம். அந்த இரண்டு குறையையும் அடைத்த பிறகே பாத்திரம் பொய்கையிலிருந்து மேலே வருகிறது. தான் உண்ண வேண்டாதவள் கையில்தான் பாத்திரம் முழுக்க முழுக்கப் பிறருடையதாகிறது. அதற்கும் ஒரு விதி உண்டு: முதல் பிச்சையைக் கற்புடைய ஒருத்தி இட வேண்டும். ஆதிரை இட்டாள். யானைத்தீ என்னும் தீராப் பசியால் வாடிய காயசண்டிகை முதலில் உண்டு பிணி நீங்கினாள்.

மூன்றாவது மந்திரமான வேற்றுருதான் வினையாயிற்று. தன்னைத் துரத்தும் உதயகுமாரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுத்துக் கொண்டாள் மணிமேகலை. அந்த உருவிலேயே சிறைக்கோட்டத்துக் கைதிகளுக்குச் சோறிட்டு, அரசனிடம் பேசி, அதை அறக்கோட்டமாக மாற்றவும் செய்தாள். நல்லதுதான். ஆனால் அந்த உருவத்துக்கு ஒரு புருஷன் இருந்தானே! மனைவியைத் தேடி வந்த காஞ்சனன், அவள் அரசகுமாரனோடு பேசுவதைக் கண்டான். அன்றிரவு வாளை உருவினான், உதயகுமாரன் விழுந்தான். ராணி மணிமேகலையை அடைத்துச் சோறில்லாமல் புழுங்க வைத்தபோது பசி மந்திரம் அவளைக் காத்தது. செத்த பிள்ளையை எந்த மந்திரமும் எழுப்பவில்லை. காளியை மடக்கி அண்ணனை எழுப்பிய பட்டியின் உலகத்துக்கும் சாத்தனார் உலகத்துக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு.

ஆபுத்திரன் சாவக நாட்டிலேயே புண்ணியராசன் என்ற அரசனாக மறுபடி பிறந்தான். மணிமேகலை அங்கே போய் அவன் முற்பிறப்பைச் சொல்ல, இருவரும் மணிபல்லவம் வருகிறார்கள். அவள் வான்வழி வருகிறாள். அவன் இந்த முறையும் கப்பலில்தான் வருகிறான். கரையில் மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான்.