அருவியும் சங்கிலியும்

ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது புளியறை. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக நுழைந்துதான் ஆனி, ஆடியில் செங்கோட்டை முதல் குற்றாலம் வரை சாரலாக இறங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டைப் பகுதியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வரும்வரை இவ்வூர் மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்சியில் இருந்தது. புத்தி பேதலித்த ஒருவருக்கு அரசு வைத்திருந்த கதவுகளும் அதனால் இரண்டு: புளியறைக்காரருக்கு 1870இல் தொடங்கிய திருவனந்தபுரம் மனநோய் மருத்துவமனை, பக்கத்திலேயே உள்ள தென்காசிக்காரருக்கோ, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய சென்னை மருத்துவமனை, அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இரண்டும் நோயாளியை உள்ளே வாங்கிக்கொண்டு உறவினரை வாசலோடு அனுப்பிவிட்ட காலத்தின் கட்டடங்கள். எட்டும் தூரத்தில் இருந்தது குற்றாலம். அத்தகையவரை அங்கே அழைத்துவந்து அருவியில் நிற்கவைத்ததை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். மனநல ஆலோசனை பின்னாளில் பெரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று அதற்குள் இருந்தது என்பது என் கருத்து.

பித்தம் தலைக்கேறியதால் வரும் கோளாறு என்று நாட்டு வைத்தியம் புத்தி பேதலிப்பைப் பார்த்தது. சூட்டைத் தணிக்க எண்ணெய் தேய்ப்பும் தலைமுழுக்கும். அருவி அந்த முழுக்கின் பெரிய வடிவம். பேரருவி நேராகத் தலையில் விழுவதில்லை. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர் நடுவிலுள்ள பொங்குமாகடலில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகுதான் கீழே இறங்குகிறது. மனிதர் நிற்க முடிவது அதனால்தான். அப்போதும் நிலைகொள்ளாத ஒருவர் தனியே நிற்க முடியாது. தாயோ அண்ணனோ நனைந்தபடி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாக வேண்டும். அதே தண்ணீரை ஐரோப்பிய மருத்துவர்களும் பயன்படுத்தினார்கள். பிரான்சில் லூரே என்ற மருத்துவர், நோயாளி தன் பிரமையை வாய்விட்டு மறுக்கும்வரை குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டவைத்தார். அந்த முறையை விளக்கி 1840இல் நூலும் எழுதினார். அங்கே தண்ணீர் மருத்துவர் கையில் ஆயுதம். இங்கே நனைபவரோடு இன்னொருவரும் நனைந்தார். இந்த வித்தியாசத்தைச் சிறிதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அருவியில் நின்றால் மனச்சிதைவு தீருமா என்று கேட்பார்கள். தீராது. ஆனால் வேறொரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் அவரது குழுவினரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லை, தனிச் சடங்கில்லை. சராசரியாக ஆறு வாரத் தங்கல், கோயிலில் சிறு வேலைகள், உடன் ஒரு உறவினர். நோயின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்து வேண்டாம் என்று சொல்ல அது போதாது. தெய்வமோ நீரோ மட்டும் காரணமல்ல, ஏச்சுப்பேச்சு இல்லாத இடமும் துணையும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று சொல்லப் போதும். 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவர் வித்யா சாகர் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்ததும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் உறவினரோடு சேர்த்தே நோயாளியை அனுமதித்ததும் இதே வழிதான். குடும்பமே நோயைக் கிளறிவிடுவதில்லையா என்றால், கிளறிவிடுகிறது. குற்றமும் குறையும் ஓயாமல் சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் காட்டினார்கள். அதனால்தான் குடும்பத்துக்கும் ஆலோசனை வேண்டும் என்கிறோம்.

இத்தகைய இடங்களைப் பற்றிய கனமான மறுப்பு சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இந்த மரணங்களுக்கு எந்த மரபின் பெயராலும் சமாதானம் சொல்லக் கூடாது. ஆனால் ஏர்வாடியை நன்றாகப் பாருங்கள்: உறவினர் பலர் மாதப் பணம் கட்டி விட்டுவிட்டுப் போன இடம் அது. கையைப் பிடித்திருந்தவர் போன இடத்தில் சங்கிலி வந்தது. வீட்டுத் திண்ணையிலும் சங்கிலி உண்டே என்றால், அதுவும் உண்மை. துணைக்கு ஆளில்லாமல் களைத்துப்போன வீடுகள் அவை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. களைத்த தாய்க்கு யார் துணை என்பதைச் சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாது.

ஆகவே தென்காசி மாவட்ட மனநலப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அருவிக்கு அழைத்துவரும் குடும்பத்தைத் திட்டி விரட்டாதீர்கள். மருந்துச் சீட்டு எழுதும் மேசைக்கு எதிரே நோயாளிக்கு ஒரு நாற்காலி போடும்போது, உடன் வந்தவருக்கும் ஒன்று போடுங்கள். அவரையும் பேசவிடுங்கள்.