திருவள்ளூர்க் கிராமங்களுக்கு உரிய விடை

பி.ஸி.ஜி. என்னும் மூன்றெழுத்தில் பின்னிரண்டும் கால்மெத், கெரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகளின் பெயர்களைக் குறிப்பன. 1908 தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள், லீல் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில், மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் கொடுமையைத் தணித்தவர்கள் அவர்கள். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காரைக்காலில் வாழும் எனக்கு அப்பெயர்களின் மீது சிறிது உரிமை உண்டென்றே எண்ணுகிறேன்.

இந்த ஊசி நம் நாட்டில் 1948-இல் வழக்குக்கு வந்தது. 1955-இல் ராஜாஜி அதனை எதிர்த்து ஆங்கிலத்தில் நூலொன்று எழுதினார். நலமாயிருக்கும் குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைப் பெருந்திரளாகச் செலுத்துதல் தகுமா என்பது அவர் கேள்வி. அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆயினும் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை அவர் நிலைநாட்டினார்.

அக்கேள்விக்கு அளந்தறிந்த விடை தேடி, 1968-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் மாபெரும் சோதனையொன்று தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதனை நடத்திற்று. 2,81,161 பேர் கையை நீட்டினர். சிலருக்குப் பாரிஸ் வகை மருந்து, சிலருக்கு டென்மார்க் வகை, சிலருக்கு மருந்தே இல்லாத வெறுங்கரைசல். யாருக்கு எது கிடைத்தது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்பு இரண்டரை ஆண்டுகளுக்கொருமுறை ஆராய்ச்சியாளர் வந்தனர்; எக்ஸ்-ரே எடுத்தனர்; சளி கேட்டனர். பதினைந்து ஆண்டுகள் அம்மக்கள் பொறுமையாய்க் கொடுத்தார்கள். வயலும் வேலையும் காத்திருக்க, ஒருவர் நாளெல்லாம் இழப்பதென்பது சிறிய செய்தியன்று.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியாயிற்று. பெரியோரின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை! உலகமே திகைத்தது. பதினைந்தாண்டு முடிவு 1999-இல் அச்சேறியது. பெரியோரிடத்தில் பயனில்லை, சிறுவரிடத்தில் கண்டதும் சொற்பம். நிலத்திலும் நீரிலும் வாழும் வேறு கிருமிகள் இப்பகுதி மக்களுக்கு முன்னரே ஓரளவு எதிர்ப்பைத் தந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் காரணம் கூறுவர்.

அம்முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையிலும் இந்திய ஆய்விதழிலும் ஆங்கிலத்தில் உள்ளது. ஆனால் விடை யாருக்கு உரியது? பங்குகொண்டோர்க்கு முடிவை அறிவிக்க வேண்டும் என்னும் விதி ஹெல்ஸிங்கி அறிக்கையில் 2008-இல் இடம்பெற்றது. 1964-இல் வெளிவந்த முதல் அறிக்கையில் அது இல்லை. நம் ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், பொருத்தமான இடங்களில் கண்டறிந்தவற்றைச் சமூகத்துக்குச் சொல்ல முயலவேண்டும் என்கின்றன. பயன் கண்ட முடிவைச் சொல்வது எளிது. பயனில்லை என்ற முடிவைச் சொல்வதே கடினம். அவசரமாய்ச் சொன்னால், பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று தாய்மார் திரும்பிவிடுவர்.

ஆதலால் அவ்வூர்ச் சாவடியொன்றில் நான் பேசுவதாயின் இப்படிச் சொல்வேன்: “நீங்கள் தந்த சளியும் நேரமும் வீணாகவில்லை. பெரியவர்களின் நுரையீரல் நோய்க்கு இந்த ஊசியை நம்பியிருக்கலாகாது என்பதை உலகம் உங்களால் அறிந்தது. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைச் சோதியுங்கள்; மருந்தை முடிவுவரை உண்ணுங்கள்.” “அப்படியானால் என் பேரனுக்கு ஏன் போடுகிறார்கள்?” என்று ஒரு பாட்டி நிச்சயம் கேட்பாள். “மூளையுறையைத் தாக்கும் காசநோயினின்றும், உடலெங்கும் பரவும் காசநோயினின்றும் சிசுக்களை அது காக்கிறது, பாட்டி, உங்கள் ஊரில் அளந்தது வேறொரு நோய்நிலை” என்பேன்.